லோகோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வரி

மாங்குளத்தில் போட்டோகொப்பிக் கடை திறக்கவிருக்கும் மச்சான், கணினியில் விண்டோஸ் போடுவதா லினக்ஸ் போடுவதா என்று கேட்டிருந்தான். பரந்தனில் என் கடையில் ஆறு வருடமாக ஒரே பெட்டியில் இரண்டும் இருக்கின்றன. போன மாதம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

ஐப்பசி பிறந்தால் இங்கே பின்னேரங்களில் இடி முழங்கும். மின்னலுக்குப் பயந்து, கடை பூட்டும்போது பிளக்கைக் கழற்றிவிடுவேன். அந்த நேரமெல்லாம் மதர்போர்டின் கடிகாரத்தையும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அமைப்புகளையும் காத்தது சிஆர் 2032 என்ற மூன்று வோல்ட் பற்றரி. அது தீர்ந்ததும் பயாஸ் பிறவிக் குணத்துக்குத் திரும்பிவிட்டது. வட்டுகளைக் கையாளும் முறை ஏஹெச்சிஐ என்றிருந்தது, ரெயிட் என்ற வேறு முறையாகிவிட்டது.

விண்டோஸ் நீலத் திரையில் சோக முகத்தைக் காட்டி, ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’, அதாவது தொடங்கவேண்டிய வட்டை எட்ட முடியவில்லை, என்றதோடு நின்றுகொண்டது. திருத்துகிறவர் வந்து பார்த்து, விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி வட்டு செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் திரையைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

பழைய சாட்டா வட்டில் இருந்த லினக்ஸ் மட்டும் எழும்பியது. சும்மா இருக்கமாட்டாமல் லினக்ஸின் உள்மையமான கேர்னல் எழுதிவைக்கும் பதிவைக் காட்டும் டிமெசெக் கட்டளையை அடித்தேன். ரெயிட்டுக்குள் மறைந்த என்விஎம்இ வட்டு ஒன்று இருக்கிறது, அது வேண்டுமென்றால் பயாஸில் ரெயிட்டை ஏஹெச்சிஐ ஆக்குங்கள் என்று கேர்னல் எழுதிவைத்திருந்தது! என்விஎம்இ என்பது அந்த எஸ்எஸ்டியின் வகை. செத்ததாகச் சொன்ன வட்டு உயிரோடு இருந்தது. மாற்றினேன், விண்டோஸும் எழும்பியது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

தேநீர் ஆறுவதற்குள் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் அதை ஏன் கணினி எழும்பும்போது வரும் லோகோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள்? அதே பதிவில் ‘ஃபேர்ம்வேர் பக்’, ‘ஏசிபிஐ பயாஸ் எரர்’ என்று பயாஸின் பிழைகளைச் சொல்லும் வரிகள் ஆறு வருடமாக ஓடுகின்றன. அவற்றைத் திருத்த வேண்டியது போர்டைச் செய்த நிறுவனம். என்னால் ஒன்றும் ஆகாது. தினமும் குரைக்கிற நாய்க்கு யார் எழுந்து விளக்கைப் போடுவார்? என் கையால் திருத்தக்கூடிய ஒன்றை மட்டும் மேசைத் திரையில், அதுவும் தமிழில், காட்டினால் என்ன குறைந்துவிடும்?

மச்சானை விண்டோஸே போடச் சொல்லிவிட்டேன். எனக்கே இது நியாயமாகப் படவில்லைதான். ஆனால் கடையில் சனம் நிற்கும்போது டிமெசெக் அடித்துக்கொண்டிருக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. விண்டோஸ் படுத்தால், பிழையாகச் சொல்லவாவது ஊரில் ஓர் ஆள் இருக்கிறார். பற்றரி இரண்டு வாங்கினேன், ஒன்று அவனுக்கு.