ஹோம்லேண்ட் செக்யூரிட்டி மாஸ்டர்ஸ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பொது நிர்வாகத்தில் மாஸ்டர்ஸ், அதில் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்பு, சிறப்புப் பிரிவு. நெல்லை, நாகர்கோவில், மதுரைப் பக்கம் சில கன்சல்டன்சிகள் இப்போது இந்தப் படிப்பைக் கூவிக் கூவி விற்கின்றன. முடித்த கையோடு அமெரிக்க அரசு வேலை, அது இல்லாவிட்டாலும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டுமே பொய். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து அந்தப் படிப்புக்கு வந்து, இரண்டாம் வருடத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

இந்தப் படிப்புக்கு நான் ஏன் ஆசைப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஆச்சி வீட்டில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். மீனவர்கள் படகோடு வந்தார்கள், சோற்றுப் பொட்டலமும் வந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறோம், முன்தெருவுக்கு மறுபடி மறுபடி படகு வருகிறது, கைக்குழந்தைகள் இருந்த பின்தெருவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. இதை ஒழுங்காகச் செய்யும் முறையைப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அமெரிக்காவில் பல கல்லூரிகளில் பேரிடர் மேலாண்மையை ஹோம்லேண்ட் செக்யூரிட்டியோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 22 அரசு அமைப்புகளைச் சேர்த்து அந்தப் பெயரிலேயே ஓர் அரசுத் துறையை உருவாக்கினார்கள். வெள்ளம், புயல் நிவாரணம் பார்க்கும் ஃபெமாவும் 2003 மார்ச்சில் அதற்குள் போய்விட்டது.

கன்சல்டன்சியில் நான் கேட்ட கேள்விகள் இரண்டு. வெளிநாட்டு மாணவிக்கு இந்தத் துறையில் வேலை கிடைக்குமா? இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறதா? வாயால் மட்டும் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். ‘ஸ்டெம்தான் மேடம், சைபர் பாடம் இருக்கே’ என்று வந்த பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. அப்பாவிடம் தனியாக, “சார், பொண்ணு அமெரிக்கா கவர்மென்ட் ஆபீஸ்ல உட்காரப்போகுது, நீங்க கடனைப் பத்திக் கவலையே படாதீங்க” என்றார் கன்சல்டன்சி மேலாளர். ஓய்வு பெற்ற மனுஷர், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கையெழுத்துப் போட்டார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். எங்களிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

முன்பணம் கட்டிய பிறகுதான் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் சேர்க்கைப் படிவம், வந்தது. அதன் முதல் பக்கத்திலேயே படிப்பின் பெயரும் பக்கத்தில் ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். என்னுடையதில் 44.0401. அது பொது நிர்வாகத்துக்கான எண், ஸ்டெம் பட்டியலில் இல்லை. அதையும் உடனே கேட்டேன். ‘அது பழைய கோடு, அங்க போனதும் மாத்திக்கொடுத்துடுவாங்க’ என்றார்கள். வந்து இறங்கியதும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார்: அந்த எண் மாறாது, படிப்பு எதுவோ அதற்குரிய எண்தான் வரும், சைபர் பாடம் ஒன்றிரண்டு எடுத்தால் ஸ்டெம் ஆகிவிடாது.

இதனால் என்ன நஷ்டம் என்று தெரியாதவர்களுக்கு: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தால் எல்லோருக்கும் பொதுவாக 12 மாதம் ஓபிடி, அதாவது வேலை பார்க்க அனுமதி. ஸ்டெம் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். என் போன்றவர்களுக்கு அந்த 12 மாதம்தான். அதிலும் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. பல லட்சம் கடனை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தில் எந்த வேலையைத் தேடி, எவ்வளவு அடைப்பது?

சரி, அரசு வேலை? அமெரிக்க மத்திய அரசின் வழக்கமான போட்டி முறை வேலைகளைக் குடிமக்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். 1976-ல் அதிபர் ஃபோர்ட் பிறப்பித்த 11935-ஆம் எண் நிர்வாக ஆணை அது. விதிவிலக்குகள் அபூர்வம். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கே அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது, நம்மைப் போல எஃப்-1-ல் வந்தவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரகசியத் தகவல்களைப் பார்க்கும் பாதுகாப்பு அனுமதியும் குடிமக்களுக்குத்தான். இது அரை நூற்றாண்டாக இருக்கும் விதி. இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தே மறைத்தார்கள். கல்லூரியின் சேர்க்கை அலுவலரும் இணையச் சந்திப்பில் ‘மத்திய அமைப்புகளில் நிறைய வாய்ப்பு’ என்றே பேசினார். யாருக்கு வாய்ப்பு என்பதைச் சொல்லவில்லை.

உண்மையாக வலித்தது பயிற்சிப் பருவத்தில். பட்டம் முடிக்க ஏதாவது ஓர் அலுவலகத்தில் களப்பயிற்சி செய்ய வேண்டும். துறையில் கொடுத்த இடங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், விமான நிலையப் பாதுகாப்பு, எல்லைக் காவல், மாநிலத் தகவல் பகிர்வு மையம் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் ‘அமெரிக்கக் குடிமக்கள் மட்டும்’. எனக்கு ஒதுக்கியது நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் ஓர் ஆய்வுக் கட்டுரை. கட்டணம் மட்டும் களப்பயிற்சிக்கான அதே கட்டணம்.

படிப்பைக் குறை சொல்லவில்லை. என் வகுப்பில் ஒரு தீயணைப்பு அதிகாரி இருக்கிறார், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அவசரகால அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா இருக்கிறார், ராணுவத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. முடித்தால் பதவி உயர்வு. கட்டணத்தை அலுவலகம் கொடுக்கும், இல்லையென்றால் முன்னாள் படைவீரர்களுக்கான கல்வித் திட்டம் கொடுக்கும். இந்தப் படிப்பு உருவானதே அவர்களுக்காகத்தான். கலிஃபோர்னியாவின் மாண்டரேயில், கடற்படையின் மேற்பட்டப் படிப்புக் கல்லூரியில் 2002 முதல் இதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. அங்கே தேர்வாகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் படிப்பு இலவசம். ஏற்கனவே பணியில் இருப்பவரை மேலே ஏற்றிவிடும் படிப்பை, பணிக்குள்ளேயே நுழைய முடியாத நமக்கு முழுக் கட்டணத்தில் விற்கிறார்கள். இதைத்தான் ஏமாற்று வேலை என்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். ‘நாஸ்பா அங்கீகாரம் பெற்ற கல்லூரி’ என்று கன்சல்டன்சி நோட்டீசில் போட்டிருந்தார்கள். பொது நிர்வாகப் படிப்புகளைத் தரம் பார்த்து அங்கீகரிக்கும் அமைப்பு அது. விசாரித்ததில், எங்கள் கல்லூரி அதில் உறுப்பினர் மட்டும்தான். சந்தா கட்டி உறுப்பினராவது வேறு, படிப்பு சோதனைக்கு உட்பட்டு அங்கீகாரம் பெறுவது வேறு. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் நாஸ்பாவின் தளத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அப்புறம், ‘ஃபெமா சான்றிதழ் பேக்கேஜ்’ என்று 35,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். ஐஎஸ்-100, ஐஎஸ்-200, ஐஎஸ்-700, ஐஎஸ்-800 என்ற நான்கு பாடங்கள். இவை ஃபெமாவே இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்கள்! தேர்வுக்கும் காசு கிடையாது, சான்றிதழுக்கும் காசு கிடையாது. பேரிடர் மேலாண்மையில் ஆர்வம் உள்ளவர்கள் ஊரில் இருந்தபடியே முதலில் இவற்றைப் படித்துப் பாருங்கள். பாடங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. வெள்ளத்தன்று எங்கள் ஊரில் இல்லாமல் போன ‘ஒரே கட்டளைத் தலைமை’ என்பதை நான் முதலில் படித்தது அங்கேதான்.

கன்சல்டன்சி ஏன் இப்படித் தள்ளிவிடுகிறது? சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியிடமிருந்து கமிஷன். அரசு கல்வி உதவி பெறும் அமெரிக்கக் கல்லூரிகள் உள்நாட்டு மாணவரைச் சேர்த்துவிட ஆள் கணக்குக்குக் கமிஷன் தரக் கூடாது என்று அவர்கள் நாட்டுச் சட்டமே தடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. தன் பிள்ளைகளைக் காப்பாற்ற வைத்த வேலிக்கு வெளியே நம் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் இருக்கிறது.

‘செவிஸ் பட்டியலில் இருக்கிற கல்லூரி, பயமே வேண்டாம்’ என்று சொல்வார்கள். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவேடு. ஐ-20 கொடுக்க அனுமதி உண்டு என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. விசா மோசடிக்காக 2011-ல் அதிகாரிகள் சோதனை போட்ட கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்துக்கும் அந்த அனுமதி இருந்தது.

எனவே, பணம் கட்டும் முன் கல்லூரிக்கு நீங்களே நேராக மின்னஞ்சல் போடுங்கள், கன்சல்டன்சி வழியாக வேண்டாம். படிப்பின் குறியீட்டு எண் என்ன, எஃப்-1 மாணவர்களை எடுக்கும் களப்பயிற்சி இடங்கள் எவை, போன வருடம் முடித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

ஏற்கனவே மாட்டியவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கன்சல்டன்சி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அப்பா எங்கள் மாவட்ட ஆணையத்தில் போட்டிருக்கிறார், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, கன்சல்டன்சி கொடுத்த விளம்பர நோட்டீஸ் எதையும் அழித்துவிடாதீர்கள், எங்கள் புகாருக்கு ஆதாரமே அவைதான். இங்கே வந்துவிட்டவர்கள் முதல் செமஸ்டரிலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசி வேறு கல்லூரிக்கு மாற முடியுமா என்று பாருங்கள். தாமதித்தால், படித்து முடித்த பாடங்களில் புதிய கல்லூரி ஏற்காதவை அதிகமாகிக்கொண்டே போகும்.

ஐ-20-ல் உள்ள எண்ணைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அனுப்பும்போது பெயரையும் செவிஸ் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.