பின்கண்ணாடியும் மழையும்: ஒரு ஹேட்ச்பேக்கோடு 6 வருடம்

என் ஹேட்ச்பேக்குக்கு 6 வயதாகிறது. முதல் இரண்டு மழைக்காலம் பின்பக்க வைப்பரை மட்டும் நம்பி ஓட்டினேன். அடுத்த இரண்டு மழைக்காலம் தண்ணீர் ஒட்டாத கோட்டிங். கடைசி இரண்டு வருடமாகக் கோட்டிங் எதுவும் இல்லாத, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத வெறும் கண்ணாடி. இந்த மூன்றில் கடைசியில் சொன்னதுதான் எனக்கு நன்றாக வேலை செய்கிறது. முன்கண்ணாடிக்குப் பொருந்துவது எல்லாம் பின்கண்ணாடிக்கும் பொருந்தும் என்று நினைத்திருந்தேன். அது சரியில்லை என்று புரிய எனக்கு நாலு வருடம் ஆனது.

முன்கண்ணாடியில் அந்தக் கோட்டிங் பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் துளிகள் தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு, எதிர்க்காற்றில் மேல்நோக்கி ஓடிவிடும். பல நேரம் வைப்பரே தேவைப்படாது. அந்தச் சந்தோஷத்தில்தான் பின்னாலும் பூசினேன். நன்றாகக் கழுவி, காயவைத்து, வட்ட வட்டமாகத் தேய்த்து, மங்கலாகக் காய்ந்த பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுத்தேன். வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தபோது ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. சரி, இனிமேல் பின்னால் கவலை இல்லை என்று நினைத்தேன்.

சாலையில் நடந்தது வேறு. துளியைத் திரட்டுவது மட்டும்தான் கோட்டிங்கின் வேலை. திரண்ட துளியைத் தள்ளிவிடக் காற்று வேண்டும், அல்லது அது தன் எடையில் உருளும் அளவுக்குப் பெரிதாக வேண்டும். ஹேட்ச்பேக், எஸ்யூவி போன்ற வண்டிகளில் கூரை முடியும் விளிம்போடு காற்று கண்ணாடியை விட்டு விலகிவிடுகிறது. வண்டிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகி, அங்கே காற்று சுழன்றுகொண்டே இருக்கும். சக்கரங்கள் கிளப்பும் சேற்றுத் தண்ணீர் பொடிப்பொடியாக அந்தச் சுழலில் ஏறி வந்து கண்ணாடியில் உட்காருகிறது. ஓடும்போது மழை நேராகப் பின்கண்ணாடியில் விழுவது குறைவு. அங்கே படிவதில் பெரும்பகுதி இந்தச் சாலைத் தண்ணீர்தான். அது மிக நுண்ணிய துளி, உருளுகிற அளவுக்கு வளராது. தள்ளிவிடக் காற்றும் இல்லை. ஆயிரக்கணக்கான பொட்டுகளாக அப்படியே நிற்கும்.

இது என் எண்ணம் மட்டும்தானா, உண்மையா என்று தெரிந்துகொள்ள நாலாவது மழைக்காலத்தில் ஒரு சோதனை செய்தேன். கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டி, வலது பாதியில் இருந்த கோட்டிங்கை சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷால் தேய்த்து எடுத்தேன். இடது பாதியில் கோட்டிங் இருந்தது. மூன்று வாரம் பின் வைப்பரைப் போடாமல் ஓட்டினேன். (வலது பாதி உள்ளே நடுவில் இருக்கும் மிரரில் ஓரளவு தெளிவாகத் தெரிந்ததாலும், வெளியே இரண்டு பக்க மிரர்கள் இருந்ததாலும்தான் அப்படிச் செய்தேன். கனமழையில் இப்படிச் சோதிக்க வேண்டாம்.)

வண்டி நிற்கும்போது நல்ல மழை பெய்தால் கோட்டிங் போட்ட பாதிதான் தெளிவு. பெரிய துளிகள் உருண்டு வழி விட்டுப் போகின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் தூறலில் ஓட்டும்போது நிலைமை தலைகீழ். இடது பாதி முழுக்கப் பொட்டுப் பொட்டாக நின்றது. இரவில் அந்த வித்தியாசம் இன்னும் மோசம். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ் மாதிரி. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் ஒன்று நூறாகச் சிதறி, அது பைக்கா காரா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதே தெரியவில்லை. வலது பாதியில் தண்ணீர் மெல்லிய ஏடாகப் பரவியிருந்தது. காட்சி கொஞ்சம் நெளிந்து தெரிந்தாலும் இரண்டு விளக்கு இரண்டாகவே தெரிந்தது. மழை விட்டுக் காய்ந்த பிறகு பார்த்தால், கோட்டிங் பக்கம் ஒவ்வொரு துளி இருந்த இடத்திலும் ஒரு மண் வளையம். மறு பக்கம் ஒரே சீரான தூசி, வாஷரில் ஒரு பீச்சு பீச்சினால் போய்விடும்.

அப்புறம் வைப்பர். கோட்டிங் இருந்த நாட்களில் பின் வைப்பர் தத்தித் தத்தித்தான் போகும், கூடவே ஒரு முனகல் சத்தம். பாலிஷ் போட்டு எடுத்த பிறகு அது நின்றுவிட்டது.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான்: மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, வெளிப்பக்கத்தைக் கண்ணாடி பாலிஷால் தேய்க்கிறேன். போதுமா என்று பார்க்கச் சுலபமான வழி, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. எங்கேயாவது தண்ணீர் விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய்ப் பசை அல்லது பழைய மெழுகு இருக்கிறது. முழுக்க ஒரே போர்வையாக இறங்கினால் வேலை முடிந்தது. வண்டி கழுவும் இடத்தில் மெழுகு கலந்த ஷாம்பு போட்டால் பின்கண்ணாடி மறுபடி திரட்ட ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் கண்ணாடிக்கு மட்டும் அது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பின் வைப்பர் பிளேடை நாம் யாருமே சரியாகக் கவனிப்பதில்லை. முன் பிளேடு கீச்சிட்டால் உடனே மாற்றுவோம். பின்னால் இருப்பது பல மாதம் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்து வெயிலில் வேகிறது. ரப்பரின் விளிம்பு ஒரு பக்கமாகவே மடிந்து நின்றுவிடும். மழைக்காலத்தின் முதல் நாளில் போட்டால் ஒரு பக்கம் போகும்போது துடைக்கும், திரும்பும்போது கோடு போடும். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். வெயில் காலத்திலும் வாரம் ஒரு முறை வாஷர் தண்ணீரோடு இரண்டு சுற்று ஓடவிடுகிறேன். காய்ந்த தூசி மேல் மட்டும் ஓட்டவே கூடாது. கீறல் விழுந்தால் இரவில் ஒவ்வொரு ஹெட்லைட்டும் அந்தக் கீறலில் கோடாகத் தெரியும், ஆழமான கீறலைச் சரிசெய்வதும் கஷ்டம்.

வாஷரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வருடம் பின்னால் தண்ணீர் வருவது நின்றது. நாசில் அடைத்திருக்கும் என்று ஊசியால் குத்திப் பார்த்தேன், பலன் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கூரை ஓரத்து உள்துணி ஈரமாக இருந்தது. முன்னாலிருந்து வரும் ரப்பர் குழாய், பின்கதவின் கீல் அருகே கதவைத் திறந்து மூடி வளைந்து வளைந்து கழன்றிருந்தது. ஸ்விட்சை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வண்டிக்குள் போயிருக்கிறது. மோட்டார் சத்தம் கேட்டும் வெளியே தண்ணீர் வராவிட்டால், திரும்பத் திரும்ப அழுத்தாமல் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

இனி உள்பக்கம். மழையில் பின்கண்ணாடி தெரியாமல் போவதில் பாதிக்கு மேல் உள்ளே படியும் ஆவிதான் என்பது என் அனுபவம். நாலு பேர் மூச்சு, நனைந்த குடை, ஈர மிதியடி, எல்லாம் சேர்ந்து குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. ஏசி காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே சொட்டவிடும், அதனால் மழையில் ஏசி ஓடட்டும். உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். இதை நிறையப் பேர் சொல்வார்கள். எனக்குத் தாமதமாகத் தெரிந்தது வேறொன்று. உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். அந்தத் துவாரங்கள் பல கார்களில் டிக்கியின் பக்கவாட்டில், பின் பம்பருக்கு உள்ளே திறக்கும்படி இருக்கின்றன. என் டிக்கியில் இரண்டு பைகள் நிரந்தரமாக அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை நடுவுக்கு நகர்த்தியதும் பின்பக்க ஆவி கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

பின்கண்ணாடியைச் சூடாக்கி ஆவியை விலக்கும் டிஃபாகரைச் சீக்கிரம் போட்டுவிடுவது நல்லது, முழுக்க மூடிய பிறகு போட்டால் நேரம் பிடிக்கும். கண்ணாடியில் தெரியும் அந்தக் கோடுகள் வெள்ளி கலந்த பசையை அச்சிட்டுச் சூளையில் சுட்டவை. 12 வோல்ட்டில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால்தான் பல கார்களில் 10, 15 நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே, இடவலமாகத் துடையுங்கள். பழைய ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டி ஒரு கோட்டை நானே அறுத்துவிட்டேன். ஆவி படிந்திருக்கும்போது டிஃபாகரைப் போட்டால் அறுந்த கோட்டைச் சுற்றி மட்டும் விலகாமல் நிற்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மின்சாரம் கடத்தும் வெள்ளி பெயிண்டை இரண்டு பூச்சு பூசினேன். இரண்டு வருடமாகச் சரியாக இருக்கிறது. உள்பக்கத்தில் பிளாஸ்டிக் பாகங்களில் இருந்து கிளம்பும் ஆவி எண்ணெய்ப் படலமாகப் படியும், ஈரம் அதில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கிறேன். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம்.

செடான் வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்ன கோட்டிங் விஷயம் அப்படியே பொருந்தாது. சாய்ந்த கண்ணாடியில் காற்று ஒட்டியே இறங்குவதால் வேகத்தில் துளிகள் நகரும். என் அண்ணன் செடானில் அதே கோட்டிங் நெடுஞ்சாலையில் நன்றாகவே வேலை செய்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் என் பழைய கதைதான்.

பக்க மிரர்களில் இப்போது தண்ணீரைப் பரப்பும் வகை ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய பரப்பில் புற ஊதாக் கதிர் பட்டால் தண்ணீர் துளியாகத் திரளாமல் தட்டையாகப் பரவும். ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் உடன் ஆய்வாளர்களும் 1997ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. வண்டியைப் பல நாள் வெளிச்சமில்லாத தரைக்கடியில் நிறுத்தினால் அதன் சக்தி குறைந்துவிடுகிறது, ஒரு நாள் வெயிலில் நிறுத்தினால் மீள்கிறது. பின்கண்ணாடி முழுவதுக்கும் இதை ஒட்ட யோசித்தேன். ஆனால் வைப்பர் ரப்பர் தினமும் உரசும் இடத்தில் ஃபிலிம் நிற்காது என்று விட்டுவிட்டேன்.

இன்னும் தீராதது ஒன்று: லாரிக்குப் பின்னால் மழை நெடுஞ்சாலையில் போகும்போது வந்து படியும் சேறு. அதற்கு வாஷரும் வைப்பரும் மாறி மாறிப் போடுவதைத் தவிர எனக்கு வழி கிடைக்கவில்லை. நீண்ட பயணத்துக்கு முன் வாஷர் டேங்கை முழுக்க நிரப்பிக்கொள்கிறேன். என் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே டேங்க்தான், பாதியில் தீர்ந்தால் இரண்டும் போய்விடும்.