8 மணி மேடை உங்களுக்குத்தான் தம்பி

பேண்டு ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, இப்போதுதான் வெளியே வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களை ஏமாற்றிய நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டும் பயனில்லை, அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு பெயரில் போஸ்டர் அடித்துவிடுவார். ஆள் மாறினாலும் செய்கிற விதம் மாறுவதில்லை. அதனால் அந்த விதத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் 5 பேர். பாட்டு, பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், கிடாருக்கு நான். ஒருநாள் மதியம் போன் வந்தது. "உங்க கிளிப் பார்த்தேன் தம்பி. இரண்டாவது பாட்டுல பேஸ் தனியா இறங்கி வருதே, அந்த இடம், அடேங்கப்பா!" எங்கள் பேஸ் வாசிக்கிறவன் வாழ்நாளில் யாரும் அவனைப் பாராட்டியதில்லை. பேஸ் வாசிக்கிற எல்லோருக்கும் அந்த நிலைதான். ஸ்பீக்கரில் அதைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோதே நாங்கள் பாதி விழுந்துவிட்டோம்.

அவர் சொன்னது இதுதான். 8 மணிக்கு மேடை, 45 நிமிஷம், கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். டிரம் செட்டும் ஆம்ப்களும் (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகள்) அவர் தருவார். போக்குவரத்துக்கென்று ஒரு தொகை. 50 டிக்கெட் எங்களிடம் கொடுப்பார். விற்றதில் முதல் 30 அரங்கச் செலவுக்கு, 31-ஆவதிலிருந்து பாதிக்குப் பாதி. மிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். "இதையெல்லாம் ஒரு மெசேஜா அனுப்பிடுங்கண்ணே" என்று கேட்டேன். "நமக்குள்ள எதுக்குத் தம்பி எழுத்தெல்லாம்? எல்லாம் முடிஞ்சதும் உட்கார்ந்து பார்த்துக்கலாம்." அதற்கு மேல் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்தப் பதிவில் என்மேல் எனக்குக் கோபம் வரும் இடம் அதுதான்.

இதற்கு வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர் 'பே டு ப்ளே'. காசு கொடுத்துத்தான் மேடை ஏற வேண்டும் என்று அர்த்தம். 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் சன்செட் ஸ்ட்ரிப் பகுதி கிளப்புகள் இதற்குப் பேர்போனவை. டிக்கெட் கட்டை பேண்டின் தலையில் கட்டிவிடுவார்கள், விற்காவிட்டால் நஷ்டம் பேண்டுக்கு. எங்களிடம் யாரும் நேராகக் காசு கேட்காததால் இது அதுதான் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை.

நிகழ்ச்சி நாளன்று மதியம் 2 மணிக்கெல்லாம் சாமான்களோடு போய்விட்டோம். 4 மணிக்கு சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் வாசித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்வது, என்றார்கள். 4 மணிக்கு மேடையில் இருந்தது ஒரு ஏணி. அவர் மட்டும் வந்து, "மேடை ஏறுறதுக்கு முன்னாடி டிக்கெட் கணக்கை முடிச்சிட்டா எனக்கும் டென்ஷன் இல்ல, உங்களுக்கும் இல்ல" என்று சிரித்தபடி சொன்னார். விற்றிருந்த 34 டிக்கெட்டுக்கான காசையும் எண்ணிக் கொடுத்தோம். மிஞ்சிய 16 டிக்கெட்டையும் நீட்டினோம். "அது இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று வாங்காமல் போய்விட்டார்.

5 மணிக்கு மேல் டிரம் செட் வந்தது. ஹைஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டில் மேல்தட்டைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச் இல்லை. பெரிய டிரம்முக்கு அடியில் விரிக்கக் கம்பளம் இல்லை. வழுக்குகிற பலகையில் கம்பளம் இல்லாமல் வாசித்தால் ஒவ்வொரு மிதிக்கும் டிரம் ஒரு விரற்கடை முன்னால் நகரும், நாலாவது பாட்டில் டிரம்மர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கும். எங்கள் டிரம்மர் ஒன்றும் பேசவில்லை. டேப்பைச் சுற்றி ஹைஹேட்டை நிறுத்தினான், என் கிடார் பெட்டியை எடுத்து டிரம்முக்கு முன்னால் முட்டுக் கொடுத்தான். அந்தப் பெட்டியின் மூலையில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது.

பின்னால் மற்ற பேண்டுகளும் வரத் தொடங்கின. பேச்சுவாக்கில் ஒருவரிடம், "உங்களுக்கு எத்தனை மணிக்கு?" என்றேன். "8 மணிக்கு." பக்கத்தில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எங்களுக்கும் 8 மணின்னுதானே சொன்னாரு" என்றார். ஆக மொத்தம் 7 பேண்டு. 7 பேண்டுக்கும் 8 மணி. எல்லோர் கையிலும் ஆளுக்கு 50 டிக்கெட். 350 டிக்கெட்டை விற்க 7 பேண்டு சம்பளமில்லாமல் அலைந்திருக்கிறது. இதில் 'கூட்டத்தைக் கூட்டுவது' என்று அவர் செய்த ஒரே வேலை 7 போன் கால்.

எங்களுக்கு விழுந்தது ஆறாவது இடம். நேரம் 45 நிமிஷத்திலிருந்து 20 ஆனது.

சவுண்ட் செக் என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒவ்வொரு பேண்டும் ஏறும்போது ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று பார்க்கும் லைன் செக்தான். சரி, அதுகூடப் பல இடங்களில் நடப்பதுதான், அதற்காக நான் சண்டை போடமாட்டேன். நான் சண்டை போட்டது வேறு விஷயத்துக்கு. எங்கள் முறை வருவதற்கு முன் ஓர் இடைவேளையில் ஆம்பில் கிடாரைச் செருகிவிட்டு, பின்பாட்டு மைக்கில் "செக்" என்று சொல்லப் போனேன். உதடு மைக் வலையில் பட்டதும் சுரீர் என்றது. பல் வரைக்கும் இழுத்தது. கை கிடார் கம்பியில் இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கிடார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக்கின் உலோக வலை, எல்லா மைக்கும் போய்ச் சேருகிற மிக்சரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒழுங்கான எர்த் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் எர்த் அறுந்திருந்தால், கையில் கம்பியும் வாயில் மைக்குமாக நடுவில் நிற்கிற ஆள்தான் ஒயர். 1972-இல் ஸ்டோன் தி குரோஸ் என்ற ஸ்காட்லாந்து பேண்டின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, ஸ்வான்சி நகரில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்துபோனார். நான் போய்ச் சொன்னதும் சவுண்ட் பார்க்கிற ஆள் டிராயரைத் திறந்து ஒரு ஸ்பாஞ்ச் உறையை எடுத்துக் கொடுத்தார். "இதை மாட்டிக்கங்க, அடிக்காது."

மாட்டமாட்டேன் என்றேன். எங்கள் கீபோர்டுக்காரர் பகலில் எலக்ட்ரிகல் வேலை செய்கிறவர். அவரே டார்ச் அடித்துக்கொண்டு கேபிள் பின்னாலேயே போனார். கிடார் ஆம்புக்கு வந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கில் எர்த் பின்னை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். தானாக உடைந்ததில்லை, வெட்டியது. ஆம்பில் 'ஹம்' சத்தம் வந்தால் எர்த்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்று ஒரு வைத்தியம் உண்டு, அதைச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிக்சருக்குப் போகிற எர்த் உள்ள போர்டிலிருந்தே ஆம்புக்கும் இழுத்தார். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தொடவிட்டார். அதற்குள் 5 பேண்டு அந்த மைக்கில் பாடியாகிவிட்டது.

இதற்கிடையே காதுக்கு வந்த கேடு தனி. பேண்டுகள் காத்திருக்கக் கொடுத்த இடம் மேடையோரத்தில், ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்புறம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிட ஆரோக்கிய நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். நாங்கள் 4 மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தோம். 2 நாள் காதில் கொய்ங் என்ற சத்தம் நிற்கவில்லை. இப்போது இயர்பிளக் இல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

10.50-க்கு மேடை ஏறினோம். எங்கள் டிக்கெட்டில் வந்திருந்தவர்கள் 8 மணிக்கு எங்களைத் தேடியிருக்கிறார்கள், பாதிப் பேர் கடைசி வண்டி போய்விடும் என்று கிளம்பியிருந்தார்கள். ஒவ்வொரு பேண்டு இறங்கும்போதும் அவர்களுடைய நண்பர்கள் எழுந்து போவதால் அரங்கம் அலை மாதிரி காலியாகிக்கொண்டே வந்தது. வாசிக்கிறவர்களுக்குக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது கீபோர்டு மட்டும். பாடகி தன் குரலே கேட்காமல் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு பாடினாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் மேடைக்கு வந்த கரண்ட் மொத்தமும் போனது. இருட்டு. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. டிரம்மர் அப்படியே வாசித்துக்கொண்டே போனான். யாரோ ஒருவர் கைதட்ட, இருந்த 40 பேரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாடகி மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்பில் போய் உட்கார்ந்து மிச்சத்தைப் பாடினாள். பல்லவிக்குத் திரும்பும்போது எங்களை முன்பின் தெரியாத ஒரு கூட்டம் சேர்ந்து பாடியது. நான் செத்த கிடாரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன். இத்தனை வருஷத்தில் வாசித்ததிலேயே எனக்குப் பிடித்த 4 நிமிஷம் நான் வாசிக்காத அந்த 4 நிமிஷம்தான். பொய் சொல்லவில்லை, அதற்காக இன்னொரு தடவை போவேன்.

அவர் பிழைப்பு நடப்பதும் அந்த 4 நிமிஷத்தில்தான். இறங்கும்போது யாருக்கும் கணக்குக் கேட்கும் மனநிலை இல்லை. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, வேர்த்து ஒழுக, சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அவர் வந்து முதுகில் தட்டினார், "பிச்சிட்டீங்க!" அரை மணி நேரம் கழித்துத்தான் பணம் ஞாபகம் வந்தது.

ஒரு நோட்டைத் திறந்தார். வாசலில், "எந்த பேண்டைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் பெயருக்கு நேரே 19 கோடு. "30 தாண்டலையே தம்பி."

"34 டிக்கெட் காசு உங்க கையிலதானே இருக்கு?"

"வித்தது வேற, வந்தது வேற. நம்ம பேச்சு வந்தவங்க கணக்குல."

அந்தப் பேச்சு எப்போது நடந்தது என்று எங்கள் 5 பேருக்கும் தெரியாது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவர் சொன்னதுதான் பேச்சு. போக்குவரத்துத் தொகையும் 30 தாண்டினால்தானாம். அதோடு நிற்கவில்லை. திருப்பி வாங்காமல் போனாரே 16 டிக்கெட், அதற்கு நாங்கள் காசு கட்ட வேண்டுமாம். கட்டவில்லை, அந்த மட்டும் எங்களுக்குப் புத்தி இருந்தது. கடைசியில், எங்கள் 20 நிமிஷமும் தனித்தனி டிராக்காகப் பதிவாகியிருக்கிறது, வேண்டுமென்றால் "நம்ம பசங்க" என்பதால் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றார். எங்கள் பாட்டை எங்களுக்கே.

சாமான்களை ஏற்றும்போது பேஸின் ப்ரீஆம்ப் பெடல் (பேஸின் சத்தத்தைச் செதுக்கும் சின்னப் பெட்டி) காணவில்லை. மேடையில் அடுத்த பேண்டு ஏறிக்கொண்டிருந்தது, தேட விடவில்லை. மறுநாள் அனுப்பிய மெசேஜுக்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது மெசேஜ் போகவே இல்லை. அடுத்த மாதம் அவருடைய புதிய நிகழ்ச்சியின் போஸ்டரில் எங்கள் படம் இருந்தது. நாங்கள் வாசிக்கிறோம் என்று போடவில்லை, சும்மா ஒரு கூட்டத்தைக் காட்ட எங்களை வைத்திருந்தார்கள்.

எல்லோரும் இப்படி இல்லை. ஒரு சின்ன அரங்கத்துக்காரர், நாங்கள் கேபிள் சுற்றி முடிப்பதற்குள் ஆம்ப் மேலேயே காசை எண்ணி வைத்து, "சரியா இருக்கா பாருங்க" என்று எங்களையும் ஒருமுறை எண்ண வைத்தார். தொகை கம்மிதான். அங்கே வருஷா வருஷம் போகிறோம்.

இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் நான் கேட்பது பணத்தைப் பற்றியில்லை. அன்றைக்கு மொத்தம் எத்தனை பேண்டு, எங்களுக்கு முன்னும் பின்னும் யார் என்று கேட்கிறேன். பெயர் சொல்லத் தயங்கினால் மற்ற எதையும் கேட்கத் தேவையில்லை. பெயர் கிடைத்தால் அந்த பேண்டுக்கே போன் போட்டு நேரத்தை ஒத்துப்பார்க்கிறேன். பேசியதை அன்று இரவே நானே மெசேஜாக அடித்து, "இப்படித்தானே பேசினோம்?" என்று அனுப்பி 'ஆமாம்' வாங்கிவிடுகிறேன். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி மேடை ஏறும் முன். டிக்கெட் விற்கச் சொன்னால் போவதே இல்லை. டெஸ்டரும் எர்த் உள்ள ஒரு போர்டும் என் பையிலேயே கிடக்கின்றன. சந்தேகம் தட்டினால் ஏறமாட்டேன், யார் எவ்வளவு கத்தினாலும் சரி. டிரம்மர் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான்.

போன வாரம் ரிகர்சலில் இருக்கும்போது புது எண்ணிலிருந்து ஒரு போன். "உங்க கிளிப் பார்த்தேன் தம்பி. அந்த இரண்டாவது பாட்டுல பேஸ் தனியா இறங்கி வருதே..." அதே குரல். எங்களை வைத்து ஏற்கெனவே ஒரு நிகழ்ச்சி நடத்தியது அவருக்கு ஞாபகமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பேஸ்காரன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அண்ணே, என் பெடல் எங்கண்ணே?"