கீற்றின் கொழும்பா, ஹரி பீரிஸின் கொழும்பா?

கொழும்பில் ஓவியம் பார்க்க அரை நாள்தான் கையில் இருக்கிறதென்றால் பொரளை கோதமி விகாரைக்குப் போங்கள். கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40இல் புத்தரின் வாழ்க்கையை அங்கே சுவர்களில் வரைந்திருக்கிறார், தடித்த கோடுகள், நீண்ட கண்கள், பிக்காசோவும் பழைய விகாரைச் சுவரோவியமும் ஒரே தூரிகையில் சேர்ந்த மாதிரி, அதுவும் ஆட்கள் பூ வைத்துக் கும்பிடுகிற இடத்திலேயே. செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

இன்னொரு ஓவியரான ஹரி பீரிஸின் வழி வேறு. பார்ன்ஸ் பிளேசில் அவர் வாழ்ந்த வீடுதான் இப்போது சபுமல் பவுண்டேசன். 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவின் ஓவியங்கள் அறை அறையாகத் தொங்குகின்றன. ஓவியர் வாழ்ந்த விதம் தெரிய வேண்டுமா, இதுதான் சரி. ஆனால் கீற் தந்த அதிர்ச்சி எனக்கு இங்கே கிடைக்கவில்லை. அப்புறம், இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை, வெயில் என்றால் ஓட்டோ பிடியுங்கள்.