மலை உச்சியில் அறை: தோயாவா, நிஹோன்தைராவா?

ஜப்பானில் மலைமேல் ஹோட்டல் என்றால், கொடுக்கும் காசில் பாதி ஜன்னலுக்குத்தான். அந்த ஜன்னலை மேகம் மூடிக்கொண்டால் மிச்சம் என்ன? எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள வின்ட்சர் ஹோட்டல் தோயா 625 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எரிமலை வெடிப்பில் உண்டான தோயா ஏரி, அதன் நடுவே நகாஜிமா தீவு. மறுபக்கம் உச்சியுரா விரிகுடா. ஒரே கூரையின் கீழிருந்து ஏரியையும் கடலையும் பார்க்கலாம். எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடிய 2008 ஜி8 மாநாடு இங்கேதான் நடந்தது. மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி ஒப்பந்தம் பற்றிப் பேசியதும் அப்போதுதான். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இரவுதோறும் ஏரியில் வாணவேடிக்கை உண்டு, அதை மேலே இருந்தபடி பார்ப்பது தனி சுகம்.

கோடையில் கடல் மூடுபனி ஏறி வரும். அது ஹோட்டலுக்குக் கீழேயே நின்றால் மேகக் கடல், நம் உயரத்துக்கே வந்துவிட்டால் வெறும் வெள்ளைச் சுவர். அப்போது வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு, சாப்பாடு உண்டு. கார் இல்லாமல் வெளியே போவது மட்டும் கஷ்டம். டோக்கியோவிலிருந்து விமானம், ரயில் என்று மாறி வந்து சேரவே அரை நாள் போய்விடும். ஓர் இரவுக்காக அவ்வளவு தூரம் போக நான் சொல்லமாட்டேன்.

ஷிசுவோகாவின் நிஹோன்தைரா ஹோட்டலுக்கு டோக்கியோவிலிருந்து ஹிக்காரி என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு பஸ். உயரம் 300 மீட்டர்தான். ஆனால் எதிரே ஷிமிசு துறைமுகம், சுருகா விரிகுடா, அவற்றுக்கு மேல் 3,776 மீட்டர் ஃபூஜி மலை. வானம் தெளிந்த குளிர்கால விடியலில் இதற்கு ஈடு சொல்ல முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃபூஜி முகம் காட்டுவதே அபூர்வம், படத்தைப் பார்த்து அந்த மாதங்களில் பதிவு செய்பவர்கள் பாவம். இருந்தாலும் பொழுது வீணாகாது: பக்கத்திலிருந்து ரோப்வே ஏறினால் ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்), 1616இல் இறந்த தொகுகாவா இயெயாசுவை முதலில் அடக்கம் செய்த குனோசன் தோஷோகு ஆலயம். அரக்குப் பூச்சும் தங்கமுமாக மின்னும் அதன் பிரதான மண்டபம் தேசியப் பொக்கிஷம். கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த மரக் காட்சிமாடமும் அருகில்தான்.

ஆகவே டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஓர் இரவு மட்டும் கையில் இருந்தால் நிஹோன்தைரா. கோடையில் இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால், காரும் எடுத்தால், தோயா.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இரண்டிலும் ஒரு தொல்லை: காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும், பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அந்தக் கவலையே வேண்டாமென்றால் புத்தக் கோயில்கள் நிறைந்த கோயாசான். 800 மீட்டர் உயர மலையில் ஐம்பது கோயில்கள் விருந்தினரைத் தங்க வைக்கின்றன. ஷோஜின் எனும் புத்தத் துறவிகளின் சைவச் சாப்பாட்டில் மீனும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. பரந்த காட்சி கிடையாது, சுற்றிலும் சிகரங்கள். அங்குள்ள ஓக்குனோயின் என்ற கல்லறைக் காட்டுக்கோ மூடுபனி இருந்தால்தான் அழகு. மாலை ஆறு மணிக்கெல்லாம் சாப்பாடு போட்டுவிடுவார்கள், தாமதமாகப் போய்ச் சேராதீர்கள்.