அழியும் அலைகளின் ஆற்றல்: இரண்டு விளக்கங்கள், எது தேறும்?

எதிரெதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்தும்படி, இரண்டு சம அலைகள் சந்தித்தால் அந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவை சுமந்து வந்த ஆற்றல் என்ன ஆனது? பாடப்புத்தகம் ஒரு பதில் தருகிறது. ஆண்டெனா வடிவமைப்பவர்கள் வேறொன்று சொல்வார்கள்.

பாடப்புத்தகத்தின் பதில், ஆற்றல் இடம் மாறுகிறது என்பது. யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் ஒரே ஒளி இரண்டு பிளவுகள் வழியே வந்து திரையில் இருளும் ஒளியுமாகப் பட்டைகள் இடும். கருமைப் பட்டையின் செறிவு 0. பொலிவுப் பட்டையிலோ ஒற்றைப் பிளவு தருவதைப் போல 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. சராசரி 2. கணக்கு நேராகிவிடுகிறது.

இந்தப் பதில் திணறும் இடம் ஒன்று உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் 3 மீட்டர். அந்த அலைவரிசையில் இயங்கும் இரண்டு ஆண்டெனாக்களை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, ஒரே கட்டத்தில் சம மின்னோட்டம் செலுத்துங்கள். எல்லாத் திசையிலும் செறிவு ஏறத்தாழ 4 மடங்காகும். கருமைப் பட்டையே கிடையாது. எங்கிருந்து எடுத்து இங்கே சேர்த்தது?

இரண்டாவது விளக்கம் மூலத்தையே விசாரிக்கிறது. ஓர் ஆண்டெனாவின் மின்னோட்டம் பக்கத்து ஆண்டெனாவின் மின்புலத்தையும் எதிர்த்து ஓட வேண்டியிருப்பதால், அதன் கதிர்வீச்சு மின்தடை (அலையாக ஆற்றலை வெளியேற்றுவதால் மின்னோட்டம் உணரும் தடை) கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அதே மின்னோட்டத்தைத் தக்கவைக்க ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் இரு மடங்கு திறன் தர வேண்டும். அந்தத் திறன் அதனிடம் இல்லையென்றால் 4 மடங்கும் வராது. கட்டத்தை எதிராக்கினால் மின்தடை சுழியை நெருங்கும். ஆற்றல் வெளியேறவே வழியில்லாமல் கேபிளிலேயே திரும்பிவிடும். அங்கே எந்த அலையும் அழியவில்லை, பிறக்கவே இல்லை.

மூலங்கள் பல அலைநீளத் தொலைவில் இருந்தால் ஒன்றின் பாதிப்பு மற்றதில் அற்பம். அங்கே முதல் விளக்கமே போதும், எளிதும்கூட. நெருங்கிவிட்டால் இரண்டாவதுதான் கைகொடுக்கும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். மூலம் எவ்வளவு தந்தது என்று தெரியாமல் போட்ட கணக்கு அரைக் கணக்குதான்.

ஒளியிலும் மூலத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பது பலன் தரும். மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி லேசர் ஒளியை இரண்டு கைகளில் பிரித்து அனுப்பி மீண்டும் சேர்க்கும் கருவி. அதன் வெளிவாயில் இருண்டிருக்கும்போது ஒளி லேசரை நோக்கியே திரும்புகிறது. ஈர்ப்பலைகளைக் கண்டறியும், 4 கிலோமீட்டர் கைகள் கொண்ட லைகோ (LIGO) கருவிகள் ஏறக்குறைய இந்த இருண்ட நிலையில்தான் இயங்குகின்றன. திரும்பிவரும் ஒளியை வழியில் ஒரு கண்ணாடி மறித்து மீண்டும் உள்ளே அனுப்புகிறது.