ஆப் ரிப்பேருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காங்கேயம் பக்கம் எங்களுக்குச் செக்கு எண்ணெய் வியாபாரம். வழக்கமான வாடிக்கையாளர்கள் ஆர்டர் போட ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருக்கிறோம். அதைச் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் 21,000 ரூபாய் வாங்கினார். எப்படி ஏமாந்தேன் என்று விவரமாகவே எழுதுகிறேன். நம்மைப் போலச் சின்ன ஆப் வைத்திருப்பவர்கள் இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது.

2025 ஆகஸ்ட் 31 முதல் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்து, அதாவது அதன் விதிகளுக்கு ஏற்ப, கட்டிய அப்டேட்டைத்தான் ஏற்போம் என்று கூகுள் பிளே சொல்லியிருந்தது. நானும் ஆப்பில் இருக்கும் குறியீட்டு எண்ணை 35 ஆக்கி (ஆண்ட்ராய்டு 15-க்கு உரிய எண் அது) அப்டேட் போட்டேன். மறுநாளே போன் வர ஆரம்பித்தது. "தம்பி, ஆர்டர் பட்டனை அமுக்குனா ஆப்பே மூடிக்குதுங்க" என்றார் ஓர் அம்மா. அவர் வீட்டுக்கே போய் போனை வாங்கிப் பார்த்தேன். 'ஆர்டர் செய்' என்ற பச்சை பட்டன், திரையின் அடியில் பேக், ஹோம் எல்லாம் இருக்கும் பட்டைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. அவர் பாவம், ஒவ்வொரு முறையும் ஹோமைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தார்.

இதைச் சரிசெய்யத்தான் அந்த நபரைப் பிடித்தேன். 15,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. மூன்றாம் நாள் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். பட்டன் பளிச்சென்று மேலே நின்றது. நம்பி அப்டேட்டை வெளியிட்டேன். அதே அம்மாவின் போனில் பாதி பட்டன்தான் வெளியே வந்திருந்தது. முகவரி பக்கத்தில் இன்னும் மோசம், கீபோர்டு எழுந்ததும் பின்கோடு கட்டம் அதற்குள் மறைந்துவிட்டது.

எந்த போனில் சோதித்தீர்கள் என்று துருவிக் கேட்டபோதுதான் ஆண்ட்ராய்டு 13 என்றார். அந்த போனில் இந்தப் பிரச்சினை வரவே வராது! ஆப்பைத் திரையின் விளிம்புவரை விரிப்பதைக் கட்டாயமாக்கியது ஆண்ட்ராய்டு 15. அதற்கு முந்தைய போன்களில், ஆப் தானாகக் கேட்காதவரை, கீழ்ப்பட்டைக்கு சிஸ்டமே இடம் விட்டுவிடும்.

அப்புறம் இன்னொரு 6,000 கேட்டார். சீசன் நேரம், கொடுத்தேன். இந்த முறை எல்லாமே சரியாக இருந்தது. தீபாவளிக்கு வந்த அக்கா மகள், அவளுக்கு ஆப் எழுதுவதுதான் வேலை, ஆப்பின் நிரலைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதல் முறை அவர் செய்தது, பட்டனுக்குக் கீழே 24 அளவு இடம் விட்டது. மூன்று பட்டன் பட்டையின் உயரமே 48. இரண்டாம் முறை செய்தது, ஆப்பின் தோற்றத்தைச் சொல்லும் தீம் கோப்பில் ஒரே ஒரு வரி: விளிம்புவரை விரிக்காதே என்ற விலக்கு. அது தற்காலிக விலக்கு. ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைத்துக் கட்டிய ஆப்புக்கு, ஆண்ட்ராய்டு 16 போனில் அந்த வரி செல்லாது. அடுத்த முறை அந்தக் குறியீட்டு எண்ணை உயர்த்தும்போது பட்டன் மறுபடி அடியில் போய்விடும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

அவள் அந்த வரியை எடுத்துவிட்டு, பட்டைக்கும் கீபோர்டுக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று ஆப் சிஸ்டத்திடமே கேட்டு ஒதுங்கும்படி எழுதினாள். ஆப்பில் மொத்தம் 11 பக்கம், இரண்டு சாயங்காலம் ஆனது. எழுத்தளவைப் பெரிதாக்கியும் பார்த்தாள். 'கூடையில் சேர்க்கவும்' இரண்டு வரியாகி விலையின் மேல் ஏறியது. பட்டனின் உயரத்தை ஒரே அளவில் கட்டிப்போட்டிருந்ததுதான் காரணம். வயதானவர்கள் நிறையப் பேர் பெரிய எழுத்தில்தான் போன் வைத்திருப்பார்கள், தமிழ்ச் சொல்லும் நீளம், இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேல் உள்ள போனை உங்கள் கையில் வாங்கி, மூன்று பட்டன் முறையிலும், பட்டன் இல்லாமல் விரலால் தள்ளும் ஜெஸ்ச்சர் முறையிலும் கீபோர்டைத் திறந்து பாருங்கள். விலக்கு வரி போட்டிருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். பாதிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள். என் பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை மெசேஜ் போட்டுவிட்டேன், இன்றுவரை பதில் இல்லை.